படத்துக்கு வந்த குழாய்

குடத்தக்காவுக்கு இடுப்பு போய்விட்டது. எங்கே போனது என்று கேட்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் மிளகாய்ச் செடிக்கும் நடுவில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் தன் துண்டு நிலத்துக்குக் குடத்தில்தான் தண்ணீர் சுமந்தாள். பேரும் அப்படி ஒட்டிக்கொண்டது. கொழுந்தனின் மோட்டார் தண்ணீர் வரப்புத் தொட்டியில் விழும். அங்கிருந்து செடிவரை கொண்டுபோக அவளிடம் குழாய் இல்லை.

"இனி குடம் தூக்கினா படுத்த படுக்கைதாம்மா" என்றார் மருத்துவர். வீட்டில் இருப்பதோ ஒரே கட்டில். மரத்திலிருந்து விழுந்த கணவர் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்களை அரசாங்கம் மறப்பதில்லை. சிறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் முழு மானியத்தில் உண்டு. குழாயைப் பரப்பி, பக்கத்தில் விவசாயியை நிறுத்தி, அதிகாரி படமெடுத்து அனுப்பினால் போதும், டீலருக்குப் பணம் வந்துவிடும்.

எங்கள் டீலர் சிக்கனக்காரர். மொத்த வட்டாரத்துக்கும் ஒரே ஒரு செட் குழாய்தான் வைத்திருந்தார். விரிப்பார், படம் முடிந்ததும் சுருட்டுவார், அடுத்த தோட்டத்துக்கு வண்டியை விடுவார். நின்றவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி அன்பளிப்பு. ஊரே இதை அறியும். போட்டோவுக்கு இரவல் நகை போட்டுக்கொள்வதுபோல, யாரும் தப்பாக நினைப்பதில்லை. அந்தக் குழாய் பார்த்த ஊர்களை அமைச்சர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"வாளிய வாங்கிட்டுப் பேசாம இருங்க அண்ணி" என்று கொழுந்தன் முன்கூட்டியே சொல்லிவைத்தான்.

குழாய் வந்தது. செடிகள் பூ விட்டிருந்த நேரம்.

"சிரிங்கம்மா, கவர்மெண்ட் பாக்குது" என்றார் அதிகாரி.

"அதுக்குக் கண்ணு தெரியுமாய்யா?"

அதிகாரியே சிரித்துவிட்டார். படம் நன்றாக வந்தது. அவரும் டீலரும் மர நிழலுக்கு டீ குடிக்கப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அவள் மண்வெட்டியை எடுத்தாள். வரிசை வரிசையாகக் குழாயின் மேல் மண்ணை இழுத்து மூடி, செடிகளின் தூரோடு சேர்த்து அணைத்தாள். அவள் கணக்கு இதுதான்: நட்டுப் பிழைக்கிறவன் எவனும் பூத்த செடியின் வேரைக் கிண்ட மாட்டான். டீலர் நட்டுப் பிழைக்கிறவர் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, குழாய் எங்க?" என்றார் டீ குடித்துவிட்டுத் திரும்பிய டீலர்.

"நீங்க போட்ட எடத்துலதான் இருக்கு தம்பி."

"விளையாடாதீங்க. மதியம் அடுத்த தோட்டத்துல படம் இருக்கு."

"இப்ப இழுத்தா வேரு அந்துரும். இந்த ஒரு காய்ப்பு மட்டும் விட்டுருங்க சாமி, நானே சுருட்டித் தரேன்."

"செடி உங்களுது, குழாய் என்னுது. என்னுத மட்டும்தானே எடுக்கறேன்?"

நியாயஸ்தர். குழாயின் முனையை வண்டியில் கட்டி ஓட்டச் சொன்னார். மண் பிளந்து, ஒவ்வொரு வரிசையும் வேரோடு பெயர்ந்து வந்தது. அதிகாரி திரும்பி நின்று ஃபோனில் மும்முரமாகப் பேசினார், ஃபோன் அணைந்திருந்தது. கடைசி வரிசையில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரமாக வைத்தான். மதியப் படம் அவன் மச்சானின் தோட்டத்தில்.

பிடுங்கிய செடிகளை அவள் திரும்ப நட்டுப் பார்த்தாள். ஒன்றும் பிடிக்கவில்லை. வேளாண் அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டே போய்க் குழாய் கேட்டாள். "ஒருதடவ வாங்கினவங்களுக்கு மறுபடி கிடையாதும்மா, மத்தவங்களுக்கும் போய்ச் சேரணும்ல?" என்று இதமாகத்தான் சொன்னார்கள்.

சும்மா கிடக்க வேண்டாமே என்று கொழுந்தன் அந்த நிலத்தைத் தன்னதோடு சேர்த்து உழுதுவிட்டான். கத்தரி போட்டிருக்கிறான். அவள் அங்கே உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து களை எடுக்கிறாள். கூலியில் அவன் குறை வைப்பதில்லை. இன்னமும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறான்.