கொழுந்து சாக்கு மெத்தை

இன்று ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திருவிழா நோட்டீஸை நீட்டினார்.

கும்மிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் என் பெயர். கீழே, "சாகசக் குட்டிக்கரணம்".

"கேக்காமலே அடிச்சிட்டீங்களாண்ணே?"

"நம்ம புள்ளதானேம்மா. இதுல என்னா கேக்குறது?"

முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, ஜிம்னாஸ்டிக்ஸையே விட்டு ஆறு மாதமாகிறது என்றேன்.

"பெருசா வேணாம்மா. சின்னதா ரெண்டு போதும்."

"சிமெந்துத் தரையிலயா?"

"கொழுந்து சாக்கு அடுக்கித் தர்றோம்."

முடியவே முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஒங்க தங்கச்சிக்கு வருமா?"

தங்கச்சி பேங்கில் வேலை செய்கிறாள்.

ஏழு வருடம் தேசிய அணியில் இருந்தேன். ஒரு போட்டியைப் பார்க்கக்கூட தோட்டத்திலிருந்து யாரும் கொழும்புக்கு வந்ததில்லை. இன்று வீட்டுக்கு வந்தால், முன்வரிசையில் நாற்காலி பிடித்து வைக்கச் சொல்லி அம்மாவுக்கு மூன்று போன் வந்திருக்கிறது.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது குட்டிக்கரணம் வருமா? என் பெயரில்தான் அடிக்க வேண்டியிருக்கும். நோட்டீஸ் எல்லா லயத்து வீடுகளுக்கும் போய்விட்டது.