தொண்ணூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு கையுறை

கூடங்குளத்தைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளில் நடராஜ் ஏறாதவை குறைவு. பத்தொன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. உச்சியில் இருக்கும் இயந்திர அறை வெயில் காலத்தில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரிக் காயும். பனியனைப் பிழிந்துவிட்டுத்தான் இறங்குவார். நாற்பத்து நாலாவது வயதில் அவருக்கு ஃபின்லாந்திலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கேயும் தொண்ணூறு மீட்டர் உயரக் காற்றாலைதான். ஆனால் ஜனவரியில் மைனஸ் இருபத்தைந்து. கோட்டும் பூட்ஸும் கம்பெனி கொடுக்கும். கையுறையும் காலுறையும் அவரவர் தோதுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருவதா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

போக ஆசைதான். இத்தனை வருஷமும் ஒரே கடலைப் பார்த்தபடி ஏறி இறங்கியாயிற்று. பனி மூடின காட்டை உச்சியில் நின்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பயமெல்லாம் விரல்களைப் பற்றி. போன குளிருக்கு அங்கே போனவர் ஒருவர் இரண்டு விரல் நுனிகளைக் கறுக்கவிட்டு வந்திருந்தார். அந்தக் குளிரில் நட்டை மாட்ட முடிந்தால் போவது, முடியாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவது என்று நடராஜ் முடிவு செய்திருந்தார்.

கையுறை வாங்க வண்ணார்பேட்டைக்குப் போனார். கடைக்காரர் இருப்பதிலேயே தடியான கையுறையை எடுத்துப் போட்டார். "இதுக்கு மேல தடி வேணும்னா தலையணையைத்தான் கட்டிக்கிடணும் அண்ணாச்சி." ஒரு பாதுகாப்புக்கு மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றும், காலுறை மூன்று ஜோடியும் வாங்கிக்கொண்டார்.

கூடப் படித்த அசன் மைதீன் மீன் ஏற்றுமதி செய்கிறவர். அவருடைய குளிர் அறையில் மைனஸ் இருபது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நடராஜ் பன்னிரண்டு போல்ட் பூட்டின இரும்புத் தகட்டோடு அங்கே போனார். மூணாறு சுற்றுலாவுக்கு வாங்கின ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு, வேலைக்குப் போடும் பூட்ஸுக்குள் மூன்று காலுறையும். அங்கன்வாடியில் டீச்சராக இருக்கும் மனைவி விஜயஸ்ரீயும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

தடிக் கையுறையில் நட்டு நிற்கவே இல்லை. மூன்று தடவை விழுந்ததும் எரிச்சலில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார். விரல் இரும்போடு ஒட்டிக்கொண்டது.

"ஏலே! வெறுங்கையில தொடாத! எங்க ஆளுவ பாதித் தோலை இங்க மீன் தட்டுலதாம்லே விட்டிருக்கானுவ!" என்று வாசலிலிருந்து கத்தினார் அசன் மைதீன்.

விரலை மெதுவாகப் பிரித்தெடுத்து, மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு நாலு நட்டு போட்டார். அதற்குள் விரல் மரத்துவிட்டது. கால்விரல்கள் அதற்கும் முன்பே மரத்துப் போயிருந்தன.

வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறை பதிந்து பாதமெல்லாம் தடம்.

"சாக்குல நெல்லு திணிச்ச மாதிரி திணிச்சா ரத்தம் எங்கன ஓடும்? ஒண்ணைப் போடுங்க போதும்" என்றார் விஜயஸ்ரீ. "கைக்கும் ரெண்டுல எதுன்னு எதுக்கு ரோசிக்கிய? சின்னது மேல பெரிசு. நட்டு போடும்போது பெரிசைக் கழட்டுங்க, போட்டதும் மாட்டுங்க."

"கழட்டுனதை எங்கன வைக்க? வாயில கவ்விக்கிடவா? காத்து அள்ளிட்டுப் போயிருச்சுன்னா என் கை அவ்வளவுதான்."

"எங்கிட்ட இருக்கதுல கைக்குட்டையைத் தொலைக்காத பிள்ளையே கிடையாது. சட்டையோட சேத்து ஊக்கு குத்தி விட்டிருவேன். நீட்டுங்க கையை."

அசன் மைதீனிடம் நைலான் கயிறு வாங்கி, மழைக்கோட்டின் ஒரு கைக்குள் விட்டு மறு கை வழியாக எடுத்து, இரு நுனியிலும் தடிக் கையுறைகளை ஊக்கால் கோத்தார்.

"பால்வாடிப் பய மாதிரியே இருக்கலே" என்றார் அசன் மைதீன்.

நடராஜ் ஒற்றைக் காலுறையோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். இரண்டு நட்டு போடுவார், தொங்கும் கையுறைக்குள் கையை விட்டு அறுபது எண்ணுவார், மறுபடி இரண்டு. வெயிலில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை, அரை மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டும் ஏறின. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

வெளியே விஜயஸ்ரீ ஒவ்வொரு விரலாக அமுக்கி, நகத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப நல்லாத்தான் இருக்கு. வாரேன்னு எழுதிருவமா?"

"எழுது. பத்து விரலோட வாரேன்னு எழுது."

"அதெல்லாம் அவுகளுக்கு எதுக்கு?" என்று, அவர் வருகிறார் என்பதை மட்டும் போனில் அடித்து அனுப்பினார் விஜயஸ்ரீ. இரண்டு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. நடராஜ் ஸ்வெட்டரைக் கழற்றாமல் அந்த வெயிலில் போய் நின்றுகொண்டார்.