சில்லுக் கதிரையும் மரக் கதிரையும்

முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இடையில் தன் வீதியிலுள்ள குழியைப் பற்றி ஒரு சொல் சொன்னதும், டொக்டர் சிறீஸ்கந்தராசா எழுந்துவிடுகிறார். மேசையடியில் உருளும் தன் சில்லுக் கதிரையை விட்டு, நோயாளிக்குப் பக்கத்திலுள்ள மரக் கதிரையில் வந்து உட்கார்ந்து, “இப்ப சொல்லுங்கோ, நான் கொமூன ஆள்” என்கிறார். குழியைக் குறித்துக்கொண்டதும் திரும்பவும் சில்லுக் கதிரை, திரும்பவும் முழங்கால்.

டென்மார்க்கில், யூலாந்தின் எங்கள் சின்ன ஊரில் இருபது வருடமாக அவர்தான் குடும்ப வைத்தியர். எட்டு வருடமாகக் கொமூன என்கிற நகரசபையில் உறுப்பினரும்கூட. டெனிஷ்காரருக்கு அவர் வெறும் ‘ஸ்ரீ’, எங்களுக்கு ‘டொக்டர் அண்ணை’. ஏன் இந்தக் கதிரை ஓட்டம் என்று கேட்டால், “கதிரை மாறினால்தான் கதை மாறும்” என்பார். சபையில் மேயர் முதுகைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தாலும், நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு போன் எடுக்கச் சொல்லிவிடுவார்.

கலியாண வீட்டில் மட்டும் இந்த ஒழுங்கு செல்லாது. சீனி வருத்தக்காரரின் தட்டிலிருந்து லட்டை எடுத்துத் தானே சாப்பிட்டுவிடுவார். அவருக்கும் சீனி வருத்தம்தான்.

போன மாதம் இந்த ஒழுங்கு அவரையே மாட்டிவிட்டது. கமலேஸ்வரி அக்காவுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது, இனித் திரும்பாது என்று கண்டு, சில்லுக் கதிரையில் இருந்தபடி அவர்தான் கார் ஓடத் தடை போட்டார். அக்காவின் கணவர் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆட்களை மறந்துபோனாலும் அக்கா ஊட்டினால்தான் வாய் திறப்பார். அக்கா மறுபேச்சில்லாமல் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார். அதே கிழமை டொக்டரின் கட்சிக் கூட்டத்தில் அந்த பஸ்ஸை நிறுத்தும் யோசனை வந்தது. எங்கள் ஆட்களில் கார் இல்லாத வீடு ஏது என்ற நினைப்பில் அவரும் தலையாட்டிவிட்டார்.

அக்கா கிளினிக்குக்குப் போய் நிதானமாகத்தான் கதைத்தாராம்.

“கார் ஓடாதேங்கோ எண்டு டொக்டர் சொன்னார், கேட்டன். பஸ்ஸை நிப்பாட்டுவம் எண்டு கொமூன ஆள் சொல்லுறாராம். ரெண்டு பேரும் ஒருக்காச் சந்திச்சுக் கதைச்சால் என்ன, தம்பி?”

எந்தக் கதிரையில் இருப்பதென்று தெரியாமல் டொக்டர் சுவரோடு நின்றாராம். கட்சிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று மட்டும் முணுமுணுத்தாராம். சபைக் கூட்டத்துக்கு என் காரில் வரும்போது அக்கா இதைச் சொன்னார்.

மொத்தம் இருபத்தைந்து உறுப்பினர்கள். பஸ்ஸை நிறுத்த டொக்டரோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். ஆக, அவருடைய ஒரு கையில்தான் எல்லாம் இருந்தது. பார்வையாளருக்கான நீள வாங்கில் அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தார். டொக்டர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நிறுத்தச் சொல்பவர்களைக் கை தூக்கும்படி மேயர் கேட்டார். பன்னிரண்டு கைகள் எழுந்தன. பக்கத்திலிருந்தவர் டொக்டரை முழங்கையால் இடித்தார். டொக்டர் அசையவில்லை. எதிர்ப்பவர்கள் யார் என்று மேயர் கேட்டபோது எழுந்தார். தன் கதிரையைக் கட்சி வரிசையிலிருந்து கரகரவென்று இழுத்து வந்து, அக்கா இருந்த வாங்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையைத் தூக்கினார்.