பாலைப்பழ மஞ்சளில் ஒரு ஜெர்மன் கார்

கார் வாங்கப்போகிறவருக்கு எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: ஜப்பான் காராகப் பார்த்து எடு. சாமான் எங்கேயும் கிடைக்கும், எந்தக் கராச்சிலும் கழற்றிப் பூட்டுவார்கள், பெற்றோல் அளவாகக் குடிக்கும், விற்கப்போனால் வாங்க ஆள் நிற்கும். அதில் ஒன்றும் பொய்யில்லை. நானும் இன்று ஒரு ஜப்பான் காரைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது, என்னைவிட இருபது வயது மூத்த ஒரு ஜெர்மன் கார். சுனாமிக்கு அடுத்த வருடம் அது வந்தது. எனக்குப் பத்து வயது.

அப்பா மாட்டு டொக்டர். களுவாஞ்சிக்குடியிலிருந்து வாவிக்கரை நெடுகவும், பாலம் தாண்டியும் மாடுகள் உள்ள இடமெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்வருவார். கடல் வந்த அன்று அந்த மோட்டார் சைக்கிளும் எங்கள் வீட்டின் முன்பாதியும் போயின. அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. பல மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது அவருடைய இடது கால் மடங்க மறுத்துவிட்டது. ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் என் தோளுமாகத்தான் நடந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். பஸ்ஸிலும் ஏற முடியாது, மோட்டார் சைக்கிளிலும் ஏற முடியாது. ஆகவே கார் என்பது எங்களுக்கு ஆடம்பரமாக வரவில்லை, அம்மாவின் காலுக்காக வந்தது.

கார் பார்க்க மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி, செங்கலடிச் சந்தியில் ஜப்பான் வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். வாகனங்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். அவர் எங்களை முதலில் காத்தான்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு புடவைக்கடை முதலாளி தன் வெள்ளை ஜப்பான் காரை விற்கவிருந்தார். கண்ணாடி ஒரு பொத்தானை அழுத்தினால் இறங்கியது, இன்னொரு முறை அழுத்தினால் ஏறியது. நானும் தம்பியும் அதை இறக்கியும் ஏற்றியும் பார்த்தோம். முதலாளி எங்களுக்குத் தேநீர் தந்து, காரில் இருந்த ஒரேயொரு கீறலையும் தானே காட்டினார். அம்மா பின்னிருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்து, குளிர்காற்று முகத்தில் படக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாவது கார் மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்த ஒரு வீட்டில் நின்றது. வீட்டுக்காரர் இளைப்பாறிய வைத்தியர், பிள்ளைகள் வெளிநாட்டில். அந்தக் கார்தான் ஜெர்மன் கார். நிறம் பழுத்த பாலைப்பழத்தின் மஞ்சள். அப்படி ஒரு நிறத்தில் கார் இருக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியை இறக்கக் கைபிடியைச் சுழற்ற வேண்டும், அதுவும் பாதியில் இறுகும். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியதுபோல ஒரு சத்தம். மாமா பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுக்கும்போதே தீர்ப்பைச் சொன்னார்.

“மச்சான், இதுக்கு ஒரு ஆணி வேணுமெண்டாலும் கொழும்புக்குப் போகணும். கண்ணப் பொத்திட்டு வெள்ளைய எடுங்க. மட்டக்களப்பில பத்துக் கார் நிண்டா எட்டு அதுதான்.”

அப்பா எதிலும் கணக்குப் பார்த்து நடக்கிறவர். மழைக்காலம் வரும் முன்பே குடைக்குப் புதுக் கம்பி போடுகிறவர். அவர் மஞ்சள் காரை ஒரு தடவை சுற்றி வந்தார், வாவிக்கரை ரோட்டைப் பார்த்தார், “இத எடுப்பம்” என்றார்.

மாமா கோபித்துக்கொண்டு, எங்களை வீட்டில் இறக்கிவிட்டதும் தேநீரும் குடிக்காமல் போனார். அம்மா விடவில்லை. தன் கால் நீட்ட வசதி என்று சாட்டுச் சொல்ல வேண்டாம், வெள்ளைக் காரிலும் கால் நீட்டலாம் என்றார். அப்பா ஏதும் சாட்டுச் சொல்லவில்லை. கார் வந்த முதல் கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு சந்தி சந்தியாகப் போனார். தேநீர்க்கடை வாசலில் நிறுத்துவார், இறங்கி நின்று பேசுவார், மாடு வைத்திருக்கிறவர்களிடம் இனி இந்தக் காரில்தான் வருவேன் என்று காட்டுவார். புதுக்கார்ப் பெருமை என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா கோபம் ஆறி வந்தபோது, வெள்ளை அடித்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும், தனக்குத் தெரிந்த ஒருவர் மலிவாக அடித்துத் தருவார் என்றார். அப்பா அவரிடம் குரல் உயர்த்தியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நிறத்தில் கை வைக்கக் கூடாது என்றார்.

போர் முடியாத அந்த நாட்களில் பெரியவர்கள் நாங்கள் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதற்குள் காதில் விழுந்தது கொஞ்சம். நாங்கள் கார் தேடத் தொடங்குவதற்குச் சற்று முன், அப்பாவோடு வேலைசெய்த ஒருவர் காலையில் வெள்ளைக் காரில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால், அவருடைய கார் நகரத்திலேயே, ஒரு கடைவரிசையின் முன்னால் ஒன்பது நாளாக நின்றிருக்கிறது. அவருடைய சொந்தக்காரர்களே அதைக் கடந்து போய்வந்திருக்கிறார்கள். யாருடையதோ வெள்ளைக் கார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கதையில் விளங்கியதெல்லாம், ஒன்பது நாள் வெயிலில் நின்றும் அந்தக் கார் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கும், அதுதான் ஜப்பான் கார், என்பதுதான்.

எங்கள் கார் அப்படியல்ல. மாமா சொன்னது அத்தனையும் நடந்தது. ஏற்றத்தில் கொதித்தது, மழையில் நின்றது. தண்ணீர்ப் பம்பு ஒன்று கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை எடுத்தது. பள்ளிக்கூட வாசலில் அது நின்றுபோன ஒரு காலையில், வெள்ளைச் சீருடையோடு நானும் தம்பியும் பின்னால் நின்று தள்ள, அம்மா முன்னிருக்கையில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் வகுப்பு முழுவதும் வாசலில் நின்று எண்ணிக்கை சொல்லித் தள்ளவைத்தது. அதன்பிறகு எனக்குப் பாலைப்பழம் என்று பெயர். சந்தி வந்தால் நான் இருக்கைக்குக் கீழே குனிந்துகொள்வேன். குனிந்தும் பயனில்லை. சோதனைச் சாவடியில் நின்ற சிங்களச் சிப்பாய்கள்கூட அந்தக் காரைத் தூரத்தில் கண்டாலே “டொக்டர் மாத்தயா”, டொக்டர் ஐயா, என்று கையைக் காட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை. முன்னறையில் அம்மா ரியூசன் வகுப்பு வைத்திருந்தார், என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் உள்ளே. எனக்கு ஒப்படைக் கணக்கு முடிந்துவிட்டதால் வெளியே படலையடியில் நின்றேன். சைக்கிளில் பெட்டி கட்டிப் பாண் விற்க வருகிறவர் என்னைக் கண்டதும் காலை ஊன்றி நின்றார்.

“புள்ள, அப்பாட கார் வட்டை ரோட்டில நிக்கிது. கதவும் திறந்து கிடக்கு. அம்மாட்ட சொல்லு.”

வாவிப்பக்கமாக வயல் வட்டைக்கு நடுவால் போகிற ரோடு அது. நான் தலையாட்டினேன். உள்ளே போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கார் மறுபடி நின்றுவிட்டது என்பது அத்தனை பேருக்கும் கேட்கும், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். கதவு திறந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. தள்ளும்போது அப்பா கதவைத் திறந்துவிட்டு ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டுதான் தள்ளுவார். வகுப்பு முடியட்டும் என்று நின்றேன்.

பிறகு மீன் விற்கிற ஒரு அம்மா கூடையோடு வந்து, கார் ரோட்டுக்குக் குறுக்கால நிற்கிறது என்றார். தெரியும், பாண்காரர் சொன்னவர் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்தவர்கள் இப்படி நிற்பார்களா என்று யோசித்திருப்பார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பஸ். எங்கள் வீட்டு முன் தரிப்பிடம் கிடையாது, ஆனாலும் நின்றது. கொண்டக்ரர் இறங்கி என்னைக் கேட்காமல் நேராக முன்னறைக்குள் போனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கவே பேசினார்.

“டீச்சர், டொக்டர்ட கார் ரோட்ட மறிச்சிட்டு நிக்கிது. பஸ்ஸில வந்த ஆக்கள் இறங்கித் தள்ளி ஒதுக்கிட்டுத்தான் வாறம். அவர் அதுக்குள்ள இல்ல. வான் ஒண்டில ஏத்திட்டுப் போனத மாடு மேய்க்கிற ஆள் கண்டிருக்கார். எந்தப் பக்கம் போனதெண்டும் சொல்றார்.”

அம்மாவின் கையிலிருந்த வெண்கட்டி மேசையில் மெதுவாக வைக்கப்பட்டதை நான் பார்த்தேன். அவர் அழவில்லை. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டு, அவர்களுடைய ஓட்டோவை எடுக்கச் சொன்னார். என்னைத் தோளுக்காகக் கூட்டிப்போனார். ஓட்டோவில் போகும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், யாராவது இதற்கு முன் வந்து ஏதும் சொன்னார்களா என்று. இல்லை என்றேன்.

மாடு மேய்க்கிறவர் மஞ்சள் காருக்குப் பக்கத்திலேயே எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் கண்டது இது: வான் ஒன்று முந்திப்போய் நின்றது. சீருடை இல்லாத இரண்டு பேர் இறங்கி அப்பாவின் காருக்குள் ஏறினார்கள், தாங்கள் சொல்லும் இடத்துக்கு ஓட்டச் சொல்லியிருப்பார்கள். கார் கொஞ்சத் தூரம் போய், ரோட்டுக்குக் குறுக்காக வளைந்து நின்றுவிட்டது. அப்பா இறங்கிப் பொனற்றைத் திறந்தார், சாத்தினார், தலையை ஆட்டிக் கையை விரித்தார். அவர்கள் ஏசினார்கள். பிறகு அவரை வானில் ஏற்றிக்கொண்டு பழைய நெல் களஞ்சியம் இருக்கும் பக்கம் போனார்கள்.

அந்தக் களஞ்சியத்தில் கொஞ்ச நாளாக யாரோ தங்கியிருந்தார்கள். யாரென்று தெரியாதவர்கள் கேட்பதில்லை, தெரிந்தவர்கள் சொல்வதில்லை. நாங்கள் போகும்போது வாசலுக்கு எதிரே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மாட்டுக்காரர்கள், தயிர் விற்கிற பெண்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கேயே நின்றுவிட்ட இரண்டு பேர். வாசலில் துவக்கோடு நின்றவன் மாமாவின் மூத்த மகன் வயதில் ஒரு பொடியன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

“தம்பி, மாட்டு டொக்டர் உள்ள இருக்காரு. அவரக் கூட்டிட்டுப் போக வந்திருக்கன்.”

அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றான்.

“அவர்ட கார் ரோட்டில நிக்கிது. ஒரு பஸ் ஆக்கள் அதத் தொட்டுத் தள்ளிட்டுப் போயிருக்காங்க. எல்லாருக்கும் அது ஆர்ட கார் எண்டு தெரியும். உள்ள போய்ச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அம்மா மண்ணில் உட்கார்ந்தார். மடங்காத காலை வாசலுக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டார். தயிர்க்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பொடியன் உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். நான் அம்மாவின் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாண்காரர் சொன்ன நேரத்திலேயே வந்திருந்தால் என்று ஒரு நினைப்பு அப்போதுதான் எனக்குள் வந்தது. வந்தது பிறகு போகவில்லை.

பொழுது சாயும் முன் அப்பா நடந்து வந்தார். காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. சட்டையில் பொத்தான்கள் இல்லை. அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வீட்டுக்கு வந்தோம். வழியில் மட்டும், யார் யார் வந்து சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கொண்டக்ரரைச் சொன்னார். நான் மற்ற இரண்டு பேரையும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பாண்காரர் என்னைக் கண்டு, அம்மாவிடம் உடனே சொன்னாயா என்று கேட்டபோது ஓம் என்றேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை மாமா கட்டியிழுக்கக் கயிற்றோடு வந்தார். நானும் போனேன். கார் வரம்போரத்தில் பனி படிந்து நின்றது. மாமா பொனற்றைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து திறப்பைத் திருகினார். முதல் திருகலிலேயே கார் ஸ்டார்ட் ஆகியது. நிறுத்தினார். மறுபடி திருகினார். மறுபடியும் ஆகியது. வரம்பில் உட்கார்ந்திருந்த அப்பாவை அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கயிற்றைச் சுருட்டி வானுக்குள் போட்டார்.

எனக்கோ ஆத்திரம். நேற்று நின்று எங்களை இந்தப் பாடுபடுத்திவிட்டு இன்றைக்கு ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறதே. இந்தக் காரை விற்றுவிட்டு ஜப்பான் கார் வாங்குவோம் என்றேன். மாமாவாவது என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தேன்.

“இந்தக் காருக்கு என்ன குறை, புள்ள?” என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. வயல் தூசி என்று நினைத்தேன்.

போர் முடிந்த மறுவருடம் ஒருநாள், யாரும் கேட்காமலே, அப்பா மஞ்சள் காரை விற்றுவிட்டு ஒரு வெள்ளை ஜப்பான் காரோடு வீட்டுக்கு வந்தார். கண்ணாடி பொத்தானில் இறங்கியது. அம்மா முன்னிருக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பழைய கார் போன கவலை என்று நான் முடிவுகட்டினேன். இத்தனை வருடம் மாமா படித்துப் படித்துச் சொன்னது கடைசியில் அப்பாவின் மண்டையில் ஏறிவிட்டது என்று மாமாவிடமே சொல்லிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது, கார்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.