நாலாம் குளத்துத் தவக்காலம்

யுலாலியோ ஆர்ச்சுலெட்டா முப்பது வருஷம் குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனம் பயிரிட்டவர். பயிர் வெளுத்தால் பசி, பச்சையாக இருந்தால் நலம். இதற்கு மேல் ஒரு படிப்பு தேவையில்லை என்பது அவர் கட்சி. கிணறு உப்பாகிப் போனபின் ராஸ்வெல் ஊருக்கு வெளியே எங்கள் பாசிக் குளங்களில் வேலைக்குச் சேர்ந்தார். உப்புத் தண்ணீரில் நுண்பாசி வளர்த்து, அதன் எண்ணெயில் டீசல் செய்யப் பார்க்கிற இடம். எண்ணெயை அளக்கிறவள் நான், தொமித்திலா. அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். வேலைக்குச் சொல்லிவிட்டதும் நான்தான்.

அக்டோபரில் நான்கு குளங்களும் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. அது வேண்டுமென்றே செய்தது. உரத்தை நிறுத்தினால் பாசி வளராது, ஆனால் உடம்பில் எண்ணெய் சேர்க்கும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் குளம் மட்டும் ஐந்தே நாளில் பச்சைப் பசேலென்று ஆனது. சோதித்தால் எண்ணெய் பேருக்குக்கூட இல்லை. சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். சோதனை மருந்தை மாற்றி மறுபடி அளந்தேன். அப்போது அவர் வாளியோடு வந்து, தினமும் விடியும்போது யூரியா போட்டுக் குளத்தைக் காப்பாற்றியதாகப் பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாளியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

"பட்டினி போட்டாத்தான் அது கொழுக்கும்ண்ணே."

"பட்டினி கிடந்தா கொழுக்குமா? என்னைய டவுன்காரன்னு நினைச்சியாம்மா?" கொஞ்சம் யோசித்தார். "எங்க மாமியாரு தவக்கால விரதத்துலதான் ரெண்டு சுத்து பெருப்பாங்க. அந்த மாதிரியா?"

பொறுப்பாளர் டாக்டர் பிரெவிட் சிரிக்கவில்லை. யுலாலியோவை வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இவரை இனி யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? குற்றம் பாதி என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

வியாழன் காலை பார்த்தால் பருவத்துக்கு முந்திய உறைபனி. மூன்று குளங்களில் பட்டினிப் பாசி செத்து அடியில் படிந்து கிடந்தது. தின்று தெம்பாக இருந்த நாலாம் குளம் மட்டும் பச்சையாகவே இருந்தது. மற்ற குளங்களுக்கு இனி அங்கிருந்துதான் விதைப் பாசி எடுக்க வேண்டும். டாக்டர் குளத்தையும் யுலாலியோவையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதா கும்பிடுவதா என்று டாக்டருக்கே விளங்கவில்லை. கடைசியில் வேலையில் இருக்கச் சொன்னார்.

யுலாலியோ ஒன்றே ஒன்று கேட்டார். தீனி போட்டால் உயிர் இருக்கும், எண்ணெய் இருக்காது. நிறுத்தினால் எண்ணெய் வரும், உயிர் போனாலும் போகும். அப்படியென்றால் எந்த நாளில் நிறுத்துவது? அதைத் தினமும் நான்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் என் தலையில் கட்டினார்.

இப்போது தினமும் காலையில் யுலாலியோ வாளியோடு என் அறை வாசலில் வந்து நிற்கிறார்.

"இன்னைக்கு விருந்தாம்மா, விரதமா?"

எனக்குத் தெரியாது. ஆனாலும் ஏதாவது ஒன்றைச் சொல்கிறேன். விரதம் என்று சொன்ன நாளில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல், குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். அன்று அவரும் சாப்பிடுவதில்லை. பீன்ஸ் வைத்துச் சுருட்டிய தன் ரொட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைத் தின்றுவிடுகிறேன்.