போர்நிறுத்தத்துக்கு வாங்கிய லட்டு

பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடைகளில் சமையல்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு காலை பதினொரு மணிக்கு. வாடிக்கையாளர்கள் வருமுன் நின்றபடியே விழுங்கிவிட வேண்டும். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: மேசையின் ஒரு முனையில் காசாவிலிருந்து வந்த சமீர், மறுமுனையில் இஸ்ரேலில் வளர்ந்த ஆரோன், நடுவில் யாழ்ப்பாணத்தான் நான். உப்பு வேண்டுமென்றால்கூட இருவரும் என்னிடம்தான் கேட்பார்கள். ஆரோனின் மாமா மகனைப் பணயக்கைதியாகப் பிடித்துப் போயிருந்தார்கள். சமீரின் அக்கா இரண்டு பிள்ளைகளுடன் கூடாரம் கூடாரமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் திட்டி நான் கேட்டதில்லை. அதைச் சமாதானம் என்று நம்பிவிட்டேன், மடையன்.

போர்நிறுத்தம் என்று செய்தி வந்த காலை, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலகாரக் கடை திறக்கும்வரை காத்து நின்று ஒரு பெட்டி லட்டு வாங்கினேன்.

"என்ன அண்ணை, வீட்டிலை விசேஷமோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"போர்நிறுத்தம் வந்திட்டுதெல்லே."

"எங்கை?"

"காசாவிலை. வேலையிலை ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள். அவங்களுக்குத்தான்."

அவர் பெட்டிக்கு நூல் கட்டிக்கொண்டே, "எங்களுக்கு வந்தது நிண்டு பிடிச்சதோ?" என்றார்.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எங்களுக்குப் போர்நிறுத்தம் வந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு வரும் கண்டி வீதியைத் திறந்தார்கள். சந்தியில் வெடி கொளுத்தினோம். முன்பின் தெரியாதவனின் வாயிலும் இனிப்பைத் திணித்தோம். நல்லது நடந்தால் எங்களுக்குக் கை முதலில் இனிப்புக்குத்தான் போகும். நாலைந்து வருடத்தில் அதே வீதியை மூடினார்கள். பிறகு வன்னியில் என் தம்பியின் கழுத்தை ஷெல் துண்டு அறுத்தது. புதைக்கப் போனவர்கள் மேலும் ஷெல் விழுந்ததால் அவனைப் பாதி மண்ணோடு விட்டு ஓடினார்கள். அந்த வாரம் கொழும்புத் தெருக்களில் போரில் வென்றதற்காகப் பாற்சோறு பங்கிட்டதை லா சப்பலில் ஒரு கடைத் தொலைக்காட்சியில் பார்த்து, கையிலிருந்த கிளாஸைச் சுவரில் அடித்து உடைத்தவன் நான். இதெல்லாம் தெரிந்த நான்தான் லட்டுப் பெட்டியோடு மெட்ரோ ஏறினேன்.

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன். சமீர் அங்கே ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "அக்கா போய்விட்டாள், செஃப். பிள்ளைகளும்தான். நேற்று இரவு குண்டு விழுந்தது. போரை நிறுத்துவதற்கு நாலு மணித்தியாலம் முந்தி," என்றான். அவனுடைய தோளைப் பிடித்தேன். அவன் எழுந்து, முகம் கழுவி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அப்போதாவது எனக்கு லட்டின் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பதினொரு மணிக்கு எல்லோரும் மேசைக்கு வந்தபோதுதான் பெட்டியைப் பார்த்தேன். மூடுவதற்குள் ஆரோன் இரண்டு லட்டு எடுத்துவிட்டான். மச்சான் திரும்பி வரப்போகிறான் என்ற மகிழ்ச்சியில் அவன் கண்கள் கலங்கியிருந்தன. சமீரின் துக்கம் அவனுக்குத் தெரியாது. வாழ்நாளில் முதன்முறையாக மேசையைச் சுற்றிப் போய், ஒன்றைச் சமீரிடம் நீட்டி, "செ ஃபினி. முடிந்துவிட்டது, எடு," என்றான்.

சமீர் அவனுடைய பிடரியைப் பிடித்து முகத்தைப் பக்கத்து அடுப்பின் சூடான இரும்புத் தட்டில் அழுத்தினான். தோல் பொசுங்கும் சத்தம் கேட்டது. நான் இழுத்தேன், சமீர் என் முழங்கையில் கடித்தான். ஆரோன் கைக்கு எட்டிய சட்டியால் அவனுடைய வாயில் அடித்தான், பிறகும் அடித்தான். பல்லும் இரத்தமும் லட்டுத் தூளும் தரையில் கிடக்க, நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி என்னை அழைத்தார். சமீரை வேலையிலிருந்து நீக்க ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும். என் கையெழுத்தில் எழுதி, அடையாள அட்டையின் பிரதியை இணைக்க வேண்டும். வேலை போனால் சமீரால் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கே தொடங்குவது? ஆரோனிடம் கேட்டால் தன் மச்சானைத் தூக்கிப்போன காலையிலிருந்து தொடங்கு என்பான். சமீரிடம் கேட்டால் 1948இல் பாட்டனார் வீட்டைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறிய நாளுக்குப் போவான். நாங்கள் மட்டும் என்ன? எங்களுடைய கதையைக் கொழும்பில் எங்களை எரித்த நாளிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எங்களுடைய ஆட்களே துரத்திய நாளை எவரும் முதல் வரியில் வைப்பதில்லை. இந்தத் தொடக்கத்தில் உடன்படாதவரை, வெடி ஓயலாமே தவிரச் சமாதானம் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சமீரின் அக்காவின் சாவிலிருந்து தொடங்கி எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "இது பாரிஸ். இங்கே நடந்ததை மட்டும் எழுது," என்று திருப்பித் தந்தார். வீட்டுக்கடனையும் என் வயதையும் நினைத்தேன். "பதினொரு மணிக்குச் சமீர் ஆரோனைப் பிடித்து" என்று புதிதாகத் தொடங்கினேன். லட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சமீர் தன் கத்திகளை எடுக்க வந்தான். வாயில் தையல். கையில் என் கடிதத்தின் பிரதி. அதன் பின்னால் இணைத்திருந்த அட்டையில் என் முகத்துக்குப் பக்கத்தில் 'பிரெஞ்சுக் குடியுரிமை', அதற்குக் கீழே 'பிறந்த இடம்: யாழ்ப்பாணம்'. அந்த வரியில் விரலை வைத்தபடி மெல்லக் கேட்டான்.

"நீ எழுதியதெல்லாம் உண்மைதான், செஃப். ஆனால் இந்த அட்டையில் இருப்பவனின் கதையும் பதினொரு மணிக்குத்தான் தொடங்கியதா?"