இரண்டு வீட்டுக்காரர்கள்

தமிழில் ஒரு வில்லங்கமான வார்த்தை உண்டு: வீட்டுக்காரர். கட்டிய கணவனும் வீட்டுக்காரர்தான், வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான். சொல்கிறவளின் முகத்தைப் பார்த்துத்தான் எந்த ஆள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற அதிகாரிக்கு முகம் பார்க்க நேரம் ஏது? தையலக்கா அங்கே போய் மாட்டிக்கொண்டாள்.

அவள் குடியிருந்தது ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். முன்னறையில் தையல் மிஷினும் துணி வெட்டுகிற மேஜையும். பின்னறையில் அடுப்பும் பாயும். அளவெடுத்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவளின் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுவாள். தன் கதைக்கு மட்டும் பிடிகொடுக்க மாட்டாள். அப்படியொன்றும் பெரிய கதையும் இல்லை. வேலை தேடிப் போகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பிய கணவன் திரும்பவில்லை. வீட்டு ஒப்பந்தம் அவன் பெயரில் இருந்தது.

மாடியில் இருந்த பெரியவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். கணவன் போன செய்தி தெரிந்ததுமே இறங்கி வந்து, யார் என்ன சொன்னாலும் நீ பாட்டுக்கு இரு என்றார். அதன்பிறகு வாடகையை அவள் கையில்தான் வாங்கினார். ரசீது கிசீது எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான்.

பெரியவரின் மகனுக்கு அந்த இடத்தில் கடை வைக்க ஆசை. அவன் சட்டத்தை ஓரளவு படித்திருந்தான். ஓரளவு படித்தவனிடம்தான் எப்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடியிருப்பவன் அந்த ஆள்தான், இந்த அம்மா சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறவள், அவன் காலி செய்தால் இவளும் கிளம்பவேண்டியதுதான் என்று அப்பா பெயரில் மனு போட்டான். பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தார்.

வேறு வீடு பார்த்துக்கொள், இதைவிட வெளிச்சமாகவே கிடைக்கும் என்று வாடிக்கைக்காரிகள் சொன்னார்கள். தையலக்கா மசியவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். எங்கோ வெளியூரில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் ஒருநாள் வருவான், அவனுக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதானே. அந்த வாசலை விட்டுவிட்டால் அவனையும் விட்டதாகிவிடும் என்று பயந்தாள்.

விசாரணை நாளன்று அதிகாரி தலை நிமிராமலே, யார் அனுமதியில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்தாங்க இருக்கச் சொன்னாரு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அவரேதான் காலி பண்றேன்னு சொல்ல வந்திருக்காரே," என்று பெஞ்சின் கோடியைக் காட்டினார்.

பெரியவருக்கும் அவர் மகனுக்கும் பக்கத்தில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். லேசாகத் தொப்பை போட்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, அவள் தைத்ததில்லை. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு எழுந்து நின்று பவ்யமாகப் பதில் சொன்னான். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிங்க. நாலு வருஷமா அங்கதான்."

இதே ஊர் பஸ் ஸ்டாண்டுதான். வாராவாரம் நூல் வாங்க அந்த வழியாகத்தான் அவள் நடந்துபோனாள். போன காலத்தையெல்லாம் நினைத்து அவமானமாக இருந்தது. எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் போல ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை நாள் வாடகை கொடுத்துக் குடியிருந்தது இவனா, நானா?

"ஐயா, இவரு காலி பண்ணி நாலு வருஷமாச்சு. நான் சொன்ன வீட்டுக்காரர் மாடியில இருக்கிறவரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டு பெரியவரைப் பார்த்தார். மகன் அப்பாவின் முழங்கையை அழுத்தினான். பெரியவர் அந்தக் கையை மெல்ல எடுத்து விலக்கிவிட்டு எழுந்தார்.

"ஆமாங்க. நான்தான் இருக்கச் சொன்னேன். வாடகையும் இந்தப் பொண்ணு கையிலதான் வாங்கினேன்."

கணவன் போனது தெரிந்தே இந்த அம்மாவிடம் வாடகை வாங்கியிருப்பதால் குடியிருப்பவர் இவர்தான், இன்னொருவர் சொல்லி இவரைக் காலி செய்ய வைக்க முடியாது என்றார் அதிகாரி. இனி ஒப்பந்தத்தை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளச் சம்மதமா என்று அவளைக் கேட்டார். சம்மதம் என்றாள். யாருக்காகவும் இல்லாமல், தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்த வீடு.

பிறகு அதிகாரி கணவன் பக்கம் திரும்பினார். காலி செய்வதாகச் சொன்னீர்கள், அந்த வீட்டுச் சாவி ஏதாவது இருந்தால் ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

கணவன் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். அதில் அவள் வீட்டுச் சாவியும் இருந்தது. வளையத்திலிருந்து கழற்ற அவன் நகத்தால் கொஞ்சநேரம் போராடினான். தையலக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு வருஷமாக அவன் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. எந்த நாளிலும் வந்து திறந்திருக்கலாம்.